பல்கலைக்கழக விண்ணப்பப் பட்டியலைக் கீழிருந்து கட்டுவது எப்படி? சிங்கப்பூர் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் பிப்ரவரிக் கடைசியில் வரும். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பம் மார்ச் மூன்றாம் வாரத்துக்குள் மூடிவிடும். இடைப்பட்ட மூன்று வாரத்தில்தான் பல வீடுகளில் கட்டணத்தைப் பற்றிய பேச்சே முதன்முறையாக எழுகிறது. அவசரத்தில் பட்டியலை மேலிருந்து எழுதுகிறார்கள். முதலில் ஆசைப்பட்ட படிப்பு, அடுத்து அதைப் போன்ற இன்னொன்று, கடைசிக் கட்டங்கள் காலியாக இருக்கின்றனவே என்று கையில் கிடைத்த எதையோ போட்டு நிரப்புவது. ஏப்ரல், மே மாதங்களில் அழுகை வருவது அந்தக் கடைசிக் கட்டங்களால்தான்.

இங்கே வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். பணம் முதலில், மதிப்பெண் அடுத்து, நிச்சயமாகக் கிடைக்கும் படிப்பு அதற்கடுத்து, ஆசை கடைசியில். ஆசைப் படிப்பை யாரும் மறந்துவிடப் போவதில்லை. அது தானாகவே பட்டியலில் ஏறிக்கொள்ளும்.

1. உட்காரும் முன் மேசைமேல் இருக்க வேண்டியவை

தேர்வு முடிவுத் தாள் வேண்டும். முடிவு வராவிட்டால் முன்னோடித் தேர்வு மதிப்பெண்ணும், பள்ளி கணித்துத் தரும் மதிப்பெண்ணும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவராக இருந்தால் இதுவரையிலான ஜிபிஏ (சராசரித் தரப்புள்ளி).

பணப் பக்கத்தில் நான்கு எண்கள் தேவை: மாணவரின் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் உள்ள தொகை, பெற்றோரின் மத்திய சேம நிதிச் சாதாரணக் கணக்கில் உள்ள தொகை, அதிலிருந்து வீட்டுக் கடனுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்பது, குடும்பத்தின் மொத்த மாத வருமானம். முதல் எண்ணைப் பலர் தேடுவதே இல்லை. பள்ளிக் காலத்து எடுசேவ் கணக்கில் மிஞ்சிய பணம் இந்தக் கணக்குக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும். பல்கலைக்கழகக் கட்டணத்துக்கும், பின்னாளில் அரசாங்கக் கல்விக் கடனை அடைக்கவும் அதைப் பயன்படுத்தலாம்.

கடைசியாக, குடியுரிமை நிலை. குடிமகன், நிரந்தரவாசி, வெளிநாட்டு மாணவர் என்ற மூன்றுக்கும் கட்டணம் வேறு, கட்டுப்பாடு வேறு. இதை எழுதி வைக்காமல் நண்பர் வீட்டுக் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

2. பணத்துக்கு உச்சவரம்பு போடுங்கள்

ஓராண்டுக் கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மொத்தப் படிப்புக்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யூஎஸ்) கலை, பொறியியல் போன்ற படிப்புகளுக்குக் குடிமக்கள் ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்குச் சற்று மேல் கட்டுகிறார்கள். எஸ்எம்யூவில் (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) அது 11,000 வெள்ளியைத் தாண்டும். எஸ்யூடிடியின் (சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம்) ஓராண்டுக் கட்டணம் இன்னும் அதிகமாகத் தெரியும். ஆனால் அங்கே பட்டப்படிப்பு மூன்றரை ஆண்டில் முடிந்துவிடும். நான்காண்டுப் படிப்போடு ஒப்பிடும்போது அரையாண்டு முன்னதாகவே சம்பளம் வரத் தொடங்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டணங்கள் எல்லாம் கல்வி அமைச்சின் கட்டண மானியம் கழித்த பிறகு வருபவை. பொதுவாகக் குடிமக்களுக்கு அந்த மானியத்துக்குப் பிணைப்பு, அதாவது படித்தபின் இத்தனை ஆண்டு வேலை செய்தாக வேண்டும் என்ற கட்டாயம், கிடையாது. மருத்துவம், பல் மருத்துவம் விதிவிலக்கு. நிரந்தரவாசிகளும் வெளிநாட்டு மாணவர்களும் மானியம் பெற்றால், படித்து முடித்தபின் 3 ஆண்டுகள் சிங்கப்பூரில் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதித்தர வேண்டும். பட்டம் வாங்கியதும் முதுகலைக்கு வெளிநாடு போகும் திட்டம் இருந்தால் இந்த 3 ஆண்டுகளையும் ஒரு செலவாகவே எண்ணுங்கள்.

இப்போது கடன். குடிமக்களுக்கு மானியம் கழித்த கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கல்விக் கட்டணக் கடன் கிடைக்கும். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. ஆண்டுக் கட்டணம் 8,300 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் நான்காண்டுக்கு 33,200. அதில் 29,880 கடனாகக் கிடைக்கும். கையிலிருந்து போவது மொத்தமே 3,320, அதாவது ஆண்டுக்கு 830 வெள்ளி. உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் இருக்கும் பணம் இதில் கணிசமான பகுதியைச் சுமக்கலாம்.

பெற்றோரின் மத்திய சேம நிதியிலிருந்து எடுப்பது இரண்டாவது வழி. சாதாரணக் கணக்குச் சேமிப்பில் 40 விழுக்காடு என்ற உச்சவரம்பு உண்டு. இதுவும் கடன்தான். பணம் எடுத்த நாளிலிருந்தே சாதாரணக் கணக்கின் வட்டி, இப்போது 2.5 விழுக்காடு, ஏறிக்கொண்டே போகும். படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு மாணவர் ரொக்கமாகத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். அதிகபட்சம் 12 ஆண்டு. "அப்பா கணக்குப் பணம்தானே" என்று கண்ணை மூடிக்கொண்டு முதலில் இதைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள் நிறைய. அதே சாதாரணக் கணக்கிலிருந்துதான் வீவக வீட்டுக் கடனும் மாதாமாதம் கழிகிறது என்றால், இரண்டு மூன்று ஆண்டில் கணக்கு வற்றி, தவணையை ரொக்கமாகக் கட்டும் நிலை வரலாம். வட்டியில்லாத கட்டணக் கடனை முதலில் எடுத்து, வட்டி தொடங்கும் முன் முடிந்த அளவு மொத்தமாக அடைப்பதே பெரும்பாலான வீடுகளுக்கு உகந்தது.

மூன்றாவது, உதவிநிதி. இதற்குப் பார்ப்பது தலைக்கு எவ்வளவு வருமானம் என்பதை. குடும்பத்தின் மொத்த மாத வருமானத்தை ஒரே முகவரியில் வசிக்கும் உறவினர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து 7,500 வெள்ளி சம்பாதிக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் மட்டும் என்றால் தலைக்கு 1,875. அடையாள அட்டையில் அதே முகவரி உள்ள பாட்டியைச் சேர்த்தால் 1,500. பாட்டியை விட்டுவிட்டு "நமக்குத் தகுதி இல்லை" என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவது மிகவும் பரவலான பிழை. இன்னொரு பிழை, கைக்கு வரும் சம்பளத்தை எழுதுவது. சேம நிதி கழிப்பதற்கு முந்திய தொகையைத்தான் கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் உதவிநிதியோடு சிண்டா போன்ற சமூக அமைப்புகள் வழங்குவதையும் பாருங்கள். ஒன்றை வாங்கினால் இன்னொன்று குறையுமா என்று படிவம் நிரப்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் கூட்டி ஒரே ஓர் எண்ணை எழுதுங்கள்: பட்டம் வாங்கும் நாளில் மாணவரின் தலையில் இருக்கக்கூடிய உச்சக் கடன். அதைத் தாண்டும் படிப்பு எதுவானாலும், உபகாரச் சம்பளம் கிடைத்தால் மட்டுமே என்ற குறிப்போடுதான் பட்டியலில் ஏற வேண்டும்.

3. சேர்க்கை மதிப்பெண்ணைப் புதிய முறையில் கணக்கிடுங்கள்

2026 சேர்க்கையிலிருந்து மேல்நிலை மாணவர்களுக்கான உச்ச மதிப்பெண் 90 அல்ல, 70. மூன்று எச்2 பாடங்களுக்கு (முழு அளவுப் பாடங்கள்) 60, ஜிபிக்கு (பொதுத்தாள்) 10. செயல்திட்டப் பாடம் இதில் சேராது. அண்ணன் அக்கா காலத்து 80, 85 என்ற எண்களோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டுப் பதறும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இணையத்தில் சுற்றும் பழைய கணிப்பான்களும் 90க்குத்தான் கணக்கிடும்.

எச்2 பாடத்தில் ஏ என்றால் 20, பி 17.5, சி 15, டி 12.5, இ 10. பாதி அளவுள்ள எச்1 பாடத்துக்கு இவற்றில் பாதி.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கணிதம் ஏ, இயற்பியல் பி, பொருளியல் சி, ஜிபி பி. 20 + 17.5 + 15 + 8.75 = 61.25.

நான்காவது பாடமும் எச்1 தாய்மொழியும் மதிப்பெண்ணை உயர்த்தினால் மட்டுமே சேரும். சேர்த்தால் மொத்தத்தை மறுபடி 70க்குக் கொண்டுவருவார்கள். இந்த மாணவி எச்1 தமிழில் ஏ வாங்கியிருந்தால் (61.25 + 10) ÷ 80 × 70 = 62.34. ஒரு புள்ளிக்கு மேல் ஏற்றம். நான்காவது பாடமாக எடுத்த எச்1 வரலாற்றில் சி என்றால் அதைச் சேர்ப்பதால் மதிப்பெண் இறங்கும்; ஆகவே அது கணக்கில் வராது. தமிழைச் சும்மா தேர்ச்சி பெற்றால் போதும் என்று முதலாம் ஆண்டில் அலட்சியமாக விட்டவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் வலிக்கும்.

நான்கு எச்2 எடுத்தவர்கள் மூன்று சிறந்தவற்றை 20க்கும், மிகக் குறைந்ததை எச்1 போலப் பாதிக்கும் கணக்கிட வேண்டும்.

4. கடந்த ஆண்டு நிலவரத்தைப் படிக்கும் முறை

பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் ஐஜிபி என்ற அட்டவணையை வெளியிடுகின்றன. ஒவ்வொரு படிப்புக்கும் இரண்டு வரிசைகள் இருக்கும். முந்தைய ஆண்டில் இடம் பெற்றவர்களில் கீழிருந்து பத்தாவது விழுக்காட்டில் நின்றவரின் மதிப்பெண் ஒன்று, தொண்ணூறாவதில் நின்றவருடையது மற்றொன்று.

கீழ் எல்லையை நுழைவு மதிப்பெண் என்று படிப்பதுதான் இங்கே எல்லாரும் சறுக்கும் இடம். அதற்குக் கீழேயும் பத்து விழுக்காட்டினர் இடம் பெற்றிருக்கிறார்கள், நேர்காணல் அல்லது திறன்வழிச் சேர்க்கையால் இருக்கலாம். மறுபுறம், அது போன ஆண்டு நிலவரம். இந்த ஆண்டு அதே மதிப்பெண்ணுக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

எழுத்துகளை அப்படியே ஒப்பிடாதீர்கள். அட்டவணையில் பிபிபி என்று இருக்கிறது, உங்களிடம் ஏபிசி இருக்கிறது. சி ஒன்று உள்ளதே என்று பின்வாங்க வேண்டியதில்லை. 20 + 17.5 + 15, 17.5 மூன்று முறை, இரண்டுமே 52.5தான். எல்லாவற்றையும் புள்ளியாக்கி ஒரு தாளில் எழுதிய பிறகே ஒப்பிடுங்கள்.

முடிந்தால் மூன்று ஆண்டு நிலவரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு படிப்பின் கீழ் எல்லை ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே வந்தால், போன ஆண்டு எல்லையைத் தொடும் மதிப்பெண் இந்த ஆண்டு போதாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

5. முதலில் எழுத வேண்டியது உறுதிப் படிப்பு

உறுதிப் படிப்புக்கு மூன்று தகுதிகள் வேண்டும். உங்கள் புள்ளி கீழ் எல்லைக்கு நன்றாக மேலே, தொண்ணூறாவது விழுக்காட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். உபகாரச் சம்பளம் ஏதும் இல்லாமலே மொத்தச் செலவும் இரண்டாம் படியில் எழுதிய எண்ணுக்குள் அடங்க வேண்டும். மூன்றாவதுதான் கடினம்: மற்ற எதுவும் கிடைக்காவிட்டால் மாணவர் ஆகஸ்டில் அங்கே போய் உட்காரச் சம்மதிக்க வேண்டும்.

மூன்றாவது தகுதியைச் சோதிக்க எளிய வழி உண்டு. அந்தப் படிப்பின் முதலாண்டுப் பாடப்பட்டியலைத் திறந்து மாணவரையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அம்மா படித்தால் பயனில்லை. பாதியிலேயே முகம் சுளித்தால் அது உறுதிப் படிப்பு இல்லை, வெறும் நிரப்பல். வேறொன்றைத் தேடுங்கள்.

வாசல் அகலமான படிப்புகளில் இதைத் தேடுவது நல்லது. என்யூஎஸ்ஸின் மனிதவியல், அறிவியல் கல்லூரியில் பொதுவாகச் சேர்ந்து பிறகு முதன்மைப் பாடத்தைத் தீர்மானிக்கலாம். எஸ்யூடிடியிலும் துறையை முதல் நாளே சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் படிப்புகளில் வேலையிடப் பயிற்சி நீண்டது. செய்துபார்த்துக் கற்க விரும்பும் மாணவருக்கு அது மட்டமான மாற்று அல்ல. சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தை மாலை வகுப்பு என்று மட்டுமே நினைப்பவர்கள் அதன் முழுநேரப் பட்டப்படிப்புகளையும் பார்க்கட்டும்.

தனியார் கல்வி நிலையத்தை உறுதிப் படிப்பாக வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இடம் கிடைப்பது உறுதியாக இருக்கலாம். பணம் உறுதியாக இருக்காது. அங்கே கல்வி அமைச்சின் கட்டண மானியம் இல்லை, சேம நிதிக் கல்விக் கடனும் இல்லை. எடுடிரஸ்ட் என்ற தரச் சான்று இருக்கிறதா, கட்டிய பணத்துக்குப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

இப்படி இரண்டு கிடைத்துவிட்டால் பட்டியலின் அடித்தளம் முடிந்தது.

6. நடுவும் மேலும்

புள்ளி கீழ் எல்லையை ஒட்டியோ சற்று மேலேயோ இருக்கும் படிப்புகள் நடுவில் வரும். இவைதான் எண்ணிக்கையில் அதிகம் இருக்க வேண்டும். எல்லைக்குக் கீழே இருப்பவை மேலே. ஒன்று அல்லது இரண்டு போதும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைப்பது. கணினி அறிவியல், தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு, தகவல் முறைகள் என்று எட்டுக் கட்டத்தையும் நிரப்பினால் பார்ப்பதற்கு எட்டு வாய்ப்பு மாதிரி இருக்கும். கணினிப் படிப்புக்குத் தேவை கூடும்போது எல்லாவற்றின் எல்லையும் சேர்ந்தே ஏறும். ஒன்றில் தவறினால் எட்டிலும் தவறுவீர்கள். என்யூஎஸ் கணினி அறிவியலின் கீழ் எல்லையே அண்மை ஆண்டுகளில் ஏஏஏ/ஏ (மூன்று எச்2 பாடங்களிலும் ஒரு எச்1 பாடத்திலும் ஏ) ஆக இருந்திருக்கிறது. நாம் மேலே பார்த்த 62.34 மாணவிக்கு அது ஒரு கட்டத்துக்கு மேல் பெறாது.

அவருடைய பட்டியலை இப்படி அமைக்கலாம். மேலே ஒரு கணினிப் படிப்பு. நடுவில் கணிதம் பயன்படும் பொறியியல் இரண்டு, பொருளியல் ஒன்று, வணிகப் பகுப்பாய்வுக்கு நெருக்கமான ஒன்று. அடியில் பொது அறிவியல் சேர்க்கை ஒன்றும், தொழில்நுட்பக் கழகத்தின் செயல்முறைப் படிப்பு ஒன்றும். கணினிக்கான தேவை எகிறினாலும் பொறியியலும் பொருளியலும் நிற்கும்.

தூரத்தையும் கணக்கில் வையுங்கள். கிழக்கே பாசிர் ரிஸ்ஸிலிருந்து மேற்கே என்டியூவுக்கு (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) நாள்தோறும் போய்வருவது நடக்கிற காரியமாகத் தெரியலாம், இரண்டாம் வாரம் வரைக்கும். விடுதியில் தங்கினால் அந்தச் செலவு இரண்டாம் படியில் எழுதிய எண்ணைத் தின்னும்.

7. வெளிநாடு: நாட்காட்டி முன்னால் ஓடுகிறது

வெளிநாட்டுப் பட்டியலை முடிவு வந்தபின் எழுத முடியாது. பிரிட்டனின் யூகாஸ் விண்ணப்பத்தில் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15, மற்றவற்றுக்கு ஜனவரி. இரண்டுமே மேல்நிலை முடிவுக்கு முந்தியவை. பள்ளி கணித்த மதிப்பெண்ணை வைத்தே அனுப்ப வேண்டியிருக்கும்.

யூகாஸில் ஐந்து படிப்புகளுக்குத்தான் இடம். ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்றைத்தான் போடலாம். மருத்துவத்துக்கு நான்கு கட்டம் மட்டும். பதில்கள் வந்தபின் ஒன்றை உறுதியானதாகவும் மற்றொன்றைக் காப்பாகவும் வைக்கச் சொல்வார்கள். காப்பாக வைப்பது குறைந்த மதிப்பெண் கேட்பதாக இருக்க வேண்டும்; இரண்டுமே ஒரே மதிப்பெண் கேட்டால் காப்பு எதற்கு?

அமெரிக்காவில் எர்லி டிசிஷன் என்ற முன்கூட்டிய விண்ணப்பம் மாணவரைக் கட்டுப்படுத்தும். இடம் கிடைத்தால் போயாக வேண்டும். உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பம் அதன் பக்கம் போகாமலிருப்பது நல்லது. வெளிநாட்டு மாணவரின் பண நிலையைப் பார்க்காமல் இடம் தரும் கல்லூரிகள் ஹார்வர்டு, யேல், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சிலவே. மற்றவற்றில் உதவி கேட்டாலே வாய்ப்பு குறையலாம்.

பிரிட்டனில் பொறியியல், கணினிப் படிப்புகளுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் ஆண்டுக்கு 25,000 பவுண்டைத் தாண்டுவது வழக்கம். கட்டண மானியம், கட்டணக் கடன், சேம நிதிக் கடன் எதுவும் அங்கே வராது. அரசாங்க உபகாரச் சம்பளத்தை நம்புபவர்கள் பிணைப்பையும் பார்க்க வேண்டும். பொதுச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளத்தில் உள்ளூர்ப் படிப்புக்கு 4 ஆண்டு, ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு 6 ஆண்டு.

8. பட்டம் இங்கே செல்லுமா?

மருத்துவமும் சட்டமும் எழுதும் முன் இதைப் பாருங்கள். மருத்துவத்துக்குச் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் வெளிநாட்டுக் கல்லூரிகளின் பட்டியல் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டப் படிப்புக்கும் அதுபோல ஒரு பட்டியல் உண்டு. தமிழ்நாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பலாம் என்று நினைக்கும் வீடுகளில் மாமாவோ சித்தப்பாவோ இடம் வாங்கித்தருவதாகச் சொல்வார்கள். இந்தியாவில் எம்பிபிஎஸ் சேர வெளிநாட்டுக் குடிமக்களுக்கும் நீட் தேர்வு வேண்டும். கல்லூரியின் பெயர் இங்குள்ள பட்டியலில் இல்லையென்றால் திரும்பி வந்து இங்கே பதிவு செய்வது கடினம். முன்பணம் கொடுக்கும் முன் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.

9. தேசிய சேவை

உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் சேவை முடியும்வரை இடத்தை வைத்திருக்கும். ஆகவே பையன்கள் சேவைக்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. பிடிக்காவிட்டால் சேவையின்போது மறுபடி விண்ணப்பிக்கலாம். இரண்டு ஆண்டு கழித்துச் சேருவதால் இன்றைய கட்டணத்தோடு கொஞ்சம் கூட்டி வையுங்கள். பிரிட்டனில் பல இடங்களில் ஓராண்டுக்கு மேல் சேர்க்கையைத் தள்ளிவைக்கத் தயங்குவார்கள். விண்ணப்பிக்கும் முன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

10. வரிசைப்படுத்துவதும் அனுப்புவதும்

இப்போது தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். விண்ணப்பத்தில் வரிசை விருப்பப்படி இருக்க வேண்டும், வாய்ப்புப்படி அல்ல. பொதுவாக ஒரு பல்கலைக்கழகம் நீங்கள் தகுதிபெறும் மிக உயர்ந்த விருப்பத்தையே தரும். உறுதிப் படிப்பைப் பயத்தில் மேலே வைத்தால் அதுவே கிடைக்கும். மேலே வைத்திருக்க வேண்டியது கைநழுவிவிடும். நேர்காணல் உள்ள படிப்புகளை இத்தனையாவது விருப்பத்துக்குள் வைக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்று அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் பாருங்கள். கட்டங்களின் எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் மாறும்.

கடைசி நாள் இரவு வரை காத்திருக்க வேண்டாம். மதிப்பெண் சான்று, சாதனைச் சான்று, கட்டுரை எல்லாம் பதிவேற வேண்டும். விண்ணப்பக் கட்டணம் கட்டாத படிவம் அனுப்பப்பட்டதாகக் கணக்கில் வராது. அதைக் கவனிக்காமல் பக்கத்தை மூடிவிடுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

ஒன்றுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இடம் தரலாம். ஏற்பது ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான கூட்டுத் தளத்தில், ஒன்றை மட்டுமே. முதலில் வந்த கடிதத்தின் மகிழ்ச்சியில் அன்றைக்கே பொத்தானை அழுத்தாதீர்கள். கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டு, உதவிநிதி முடிவும் மற்ற பல்கலைக்கழகங்களின் பதிலும் வரும்வரை காத்திருங்கள். அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, இரண்டாம் படியில் எழுதிய எண்ணைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு, அதன்பிறகு அழுத்துங்கள்.